சார்ஜரையும் சேர்த்து நிறு

மன்னார்த் தீவில் ஆண்டவர் படைத்தவற்றில் தராசர் கையால் தூக்கி நிறை பார்க்காதது கோவில் மணி ஒன்றுதான். ஏணி கிடைத்திருந்தால் அதையும் விட்டிருக்கமாட்டார்.

மீன்வாடியில் நெடுங்காலம் நிறுவை பார்த்த மனுசன்; ஊர் வைத்த பெயரும் அதனால்தான். வேலையை விட்ட பிறகும் கை விடவில்லை. பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனாலும் இரண்டு கையாலும் ஏந்திக் கண்ணை மூடுவார். "நல்ல நிறை. தாய் வடிவாய் மீன் திண்டிருக்கிறா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார்.

மனைவி மரியாக்கா இறந்த பிறகு அந்த வீட்டில் அவருக்குத் தூக்கிப் பார்க்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஒரே மகன் பிரான்சில். கிழமைக்கு ஒருமுறை தொலைபேசியில் பேத்தியைக் காட்டுவான். பிள்ளைக்குத் தமிழ் வராது, இவருக்குப் பிரெஞ்சு வராது. லைன் அறும்வரை இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள்.

"சிரிச்சுச் சிரிச்சுத் தாடை நோகுதடா. அவளோடை ஒரு கதை கதைக்காமல் செத்துப்போவன் போலகிடக்கு" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அடுத்த கிழமை, பிரெஞ்சு படிக்க மடிக்கணினி வாங்கப்போவதாக அறிவித்தார். தொலைபேசியில் படிக்க வழியில்லை. அவருடைய விரல் ஒரே அமத்தில் மூன்று எழுத்தை அமத்தும். கடைக்குத் துணையாக எட்டாம் வகுப்போடு நின்ற என்னைத்தான் கூப்பிட்டார்.

"எனக்கு இதொண்டும் விளங்காதே அண்ணை."

"எனக்கும் விளங்காது. விளங்காத இரண்டு பேரை ஒருத்தராலும் ஏமாத்தேலாது."

மன்னார் ரவுன் கணினிக் கடையில் நின்ற பெடியன் மரியாதையாகக் கேட்டான். "என்ன தேவைக்கு ஐயா?"

"படிக்க. இடைக்கிடை பழைய ஞானப்பாட்டுக் கேட்க."

"ஆர் படிக்கிறது?"

"நான்தான். ஏன், மீசையைப் பார்க்கத் தெரியேல்லையோ?"

பெடியன் ராம் என்றான், புரொசசர் என்றான். தராசர் கையை உயர்த்தினார். "தம்பி, அதெல்லாம் மீனின்ரை குடல். நிறையைச் சொல்லும்."

ஒவ்வொன்றாக ஏந்திக் கண்ணை மூடினார். "இது தண்ணி ஊறின பாரைமீன். வேண்டாம். இது கல்லு விழுங்கின திருக்கை." பிறகு மெல்லியதொன்று கைக்கு வந்ததும் முகம் மலர்ந்தது. உடனே கண்ணைத் திறந்து, மேசையில் கிடந்த வயரைக் காட்டினார். "அதையும் மேலை வை."

"அது சார்ஜர், ஐயா."

"தலையை வெட்டி வைச்சிட்டோ அறக்குளா மீன் நிறுக்கிறனி? சேர்த்து நிறு!"

வேறு நாலைந்தை எடுத்துப் பார்த்தும் கடைசியில் அதுதான் வென்றது. "வெயிலுக்கை திரை தெரியுமோ? மணலுக்கை தூக்கிக்கொண்டு போகவேணும்" என்று கேட்டபோது பெடியன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் புது வள்ளம் வாங்கினால் ஆசீர்வாதம் இல்லாமல் கடலில் இறக்கமாட்டோம். தராசர் கணினியையும் கோவிலுக்குக் கொண்டுபோனார். பங்குச் சுவாமி தீர்த்தத்தை ஓங்கியதும், தராசர் தன் உடம்பால் கணினியை மூடிக்கொண்டு குப்புற விழுந்தார்.

"சுவாமி, தண்ணி என்ரை தலையிலை விழட்டும். செபம் மட்டும் இதுக்கை போகட்டும்!"

அன்று பின்னேரமே மணலுக்குள் எங்கே போகவேண்டியிருந்தது என்பது தெரிந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேரே சேமக்காலைக்குப் போனார். மரியாக்காவின் கல்லறைமேல் கணினியை வைத்து, பக்கத்தில் சம்மணமிட்டார்.

"அண்ணை, வீட்டிலை கதிரை இல்லையோ?"

"அவவுக்கும் பேத்தியெண்டால் உயிர். நான் மட்டும் தனியப் படிச்சால் கோவிப்பா."

பிறகு ஒவ்வொரு பின்னேரமும் சேமக்காலையிலிருந்து ஏலம் கூறும் தொண்டையில் "பொன்சூர்!" என்ற பிரெஞ்சு வணக்கம் கேட்கும். வேலியோரம் மேய்ந்த கழுதைகள் முதல் கிழமை ஓடின. இரண்டாம் கிழமை நின்று கேட்டன. ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் இருட்டுகிற நேரம் அந்த மனுசன் பையைத் தூக்கிக்கொண்டு தனியே திரும்பிவருவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வராது.

கல்லறைத் திருநாள் வந்தது. ஊரே மெழுகுதிரியோடு சேமக்காலையில் நின்றபோது பேத்தியின் முகம் திரையில் தோன்றியது. தராசர் எழும்பி நின்று, வியர்த்து, பிரெஞ்சில் ஒரு வசனம் சொன்னார். "அப்பம்மா இஞ்சைதான் இருக்கிறா" என்பது அதன் கருத்து. சொல்லிவிட்டுக் கணினியைக் கல்லறைப் பக்கம் திருப்பினார்.

பிள்ளை சிரிக்கவில்லை. திரைக்குக் கிட்ட வந்து பார்த்தது. பிறகு மடமடவென்று நெடுநேரம் ஏதோ கதைத்தது.

"என்ன அண்ணை சொல்லுறாள்?"

"ஆருக்குத் தெரியும்?" கண்ணைத் துடைத்தார். "ஆனா எனக்கெல்லோ சொல்லுறாள்!"

சில மாதத்தில் மகன் வந்து தகப்பனைப் பிரான்சுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். போகும்போது கணினியை என் கையில் தந்தார். "பிள்ளை இனி என்ரை பக்கத்திலை. அவதான் இஞ்சை தனிய. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய ஒருக்கா இதைக் கொண்டுபோய் எனக்கு அவவைக் காட்டடா."

கொண்டுபோகிறேன். கல்லறைமேல் வைத்து, ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லி முடித்தபின் அழைக்கிறேன். கம்பளித் தொப்பியோடு அவர் தோன்றுவார். நாங்கள் அதிகம் கதைப்பதில்லை.

"அங்கை காத்தடிக்குதோ?"

"ஓம் அண்ணை."

"பெட்டி பாரமில்லைத்தானே?"

"இல்லை அண்ணை."

போகும்போது உண்மையாகவே பாரமில்லை. அவர் முகம் மறைந்து, மூடித் தூக்கிக்கொண்டு திரும்புகிறபோதுதான் தோள் இறங்குகிறது. இதைச் சொன்னால், "சார்ஜரையும் சேர்த்தோ தூக்கினனி?" என்று கேட்பார். அதனால் சொல்வதில்லை.