ரிங் விஷயம்

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் என் மனைவி குட்ரூனிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்ததுண்டு. முடிக்க அவள் விட்டதில்லை.

அவள் பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். பகலெல்லாம் ஊராரின் பல்லைப் பிடுங்க ஒத்தாசை செய்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் வாயைப் பிடுங்குவாள். அங்கேயாவது முதலில் மரத்துப்போக ஊசி போடுவார்கள்.

ஆகவே ஒரு மகத்தான முடிவுக்கு வந்தேன். இனிமேல் குட்ரூனிடம் உண்மையைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. ஆனால் அவளுக்குப் புரியாத மாதிரி பேசுவது.

எல்லாம் காரால் வந்தது. சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. இரண்டாம் கை என்றாலும் முதல் காதல். நான் நகராட்சியில் வேலை பார்க்கிறேன். எந்தச் சந்தில் 'முப்பதுக்கு மேல் போகாதே' என்று பலகை நடுவது என்று தீர்மானிக்கிற ஆள் நான்தான். வாழ்நாள் பூரா ஊரையே முப்பதில் போகச் சொன்னவனுக்கு, ஒரே ஒரு நாள் இருநூறில் போக ஆசை வரக்கூடாதா?

கார் வந்த அன்றைக்கே குட்ரூன் சொல்லிவிட்டாள்:

"நல்லா துடை. தடவிக் கொடு. முத்தம் வேணும்னாலும் கொடு, நான் தப்பா நினைக்கமாட்டேன். ஆனா ரேஸ் தடத்துல இதோட சக்கரம் ஒரே ஒரு தடவை உருண்டுதுன்னு தெரிஞ்சுது, மறுநாளே வித்துடுவேன். எனக்கு முழுசா ஒரு புருஷன் வேணும், டெட்லெஃப். பார்ட் பார்ட்டா வேணாம்."

எங்கள் வீடு மோசல் ஆற்றுக்கு மேலே, திராட்சைத் தோட்டச் சரிவில் இருக்கிறது. அங்கிருந்து காட்டுவழியே ஒரு மணி நேரம் போனால் ரேஸ் தடம். இந்தப் பக்கத்தில் அதை யாரும் முழுப்பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ரிங்' என்றாலே போதும். கைவிரலில் போடுகிற மோதிரமும் எங்களுக்கு ரிங்தான். அடுத்த மாதம் எங்களுக்கு வெள்ளி விழா. என் மூளையில் பல்பு எரிந்ததா இல்லையா?

"குட்ரூன், சனிக்கிழமை ஒரு ரிங் விஷயமா வெளியே போறேன்."

அவள் காபியைக் கீழே வைத்தாள். முகம் சிவந்தது. "ஐயோ! வெள்ளி விழாவுக்கா? எனக்கா?"

நான் வாயே திறக்கவில்லை. மௌனம் பொய்யில் சேராது. வெட்கப்படுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

"பார்த்து எடு, என்ன? எனக்கு மெல்லிசா இருந்தா போதும்" என்றாள்.

மனசில் ஒரு முள் குத்தியது. பிடுங்கிப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ரிங்கில் நான் பறந்தேன். பறந்தேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. பின்னால் குழந்தை சீட்டு வைத்த ஒரு குடும்பக் கார் என்னை இரண்டு தடவை தாண்டிப் போனது. போகட்டும். மத்தியானத்துக்குமேல் பிரேக் பெடல் பஞ்சாக அமுங்க ஆரம்பித்தது. சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. அப்போதுதான் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தேன். தடத்திலிருந்து வந்து நின்றதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கொதிக்கிற பிரேக்கை இழுத்துப் பிடித்தால் பிரேக் பேட் சக்கரத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். ஆனால் எங்கள் ஊர்க்காரன் கை எனக்கு. எங்கள் சரிவில் ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்கினால், நாம் வீட்டுக்குள் போவதற்குள் கார் ஆற்றுக்குள் போயிருக்கும். கை தானாக இழுத்துவிட்டது.

ஒருவழியாக, முப்பதிலேயே ஊர்ந்து, வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் குட்ரூன்.

"வந்துட்டியா!" என்றாள். ஓடி வந்து என் இரண்டு தோளையும் பிடித்து, மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள். மோதிரத்து மேல் இவ்வளவு ஆசையா என்று நினைத்தேன். பிறகுதான் காரைப் பார்த்தாள். பின்பக்கம் பூரா டயர் ரப்பர் துணுக்குகள் ஆட்டுப்புழுக்கை மாதிரி அப்பியிருந்தன. கண்ணாடி நிறையப் பூச்சி. சக்கரமெல்லாம் கரி.

"நகைக்கடைக்குப் போற வழி ரொம்ப மோசமோ?"

"ஆமா... ரோடு வேலை நடக்குது."

"மோதிரம் வாங்கப் போனவன் எங்கேயும் மோதிடலையே?"

"சேச்சே!"

"சரி. நாளன்னிக்குக் காலையில இந்தக் கார் எனக்கு வேணும். என் கார் ஒர்க் ஷாப்ல நிக்குது. அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

எங்கள் தெருவிலிருந்து ஆற்றங்கரை ரோடு வரை ஒரே இறக்கம், ஏழு கொண்டை ஊசி வளைவு. பெடலோ பஞ்சு. உள்ளே என் மனைவி. பக்கத்தில் மாமியார். மாமியார் விஷயத்தில் எனக்கு வேறு அபிப்பிராயம் இருக்கலாம், ஆனால் குட்ரூனை அந்த இறக்கத்தில் அந்தக் காரோடு அனுப்புவேனா?

உண்மையைச் சொன்னால் கார் போய்விடும். சொல்லாவிட்டால்... அதை நினைக்கவே முடியவில்லை. ஒரே வழிதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் நானே சரிசெய்துவிட வேண்டும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் சத்தம் போடக்கூடாது. சட்டம் அப்படி. சுத்தியல் தட்டக்கூடாது, துளை போடக்கூடாது, புல் வெட்டக்கூடாது. சட்டம் கண்ணயர்ந்தாலும் எதிர் வீட்டு லூட்கர் கண்ணயரமாட்டார். மாடி ஜன்னல் விளிம்பில் தலையணை போட்டு, அதன்மேல் முழங்கையை ஊன்றி, காலையிலேயே தெருவைக் காவல் காக்க உட்கார்ந்துவிடுவார்.

அதனால் எங்கள் கார் கொட்டகையில் உலகத்திலேயே முதன்முறையாக ஊமை ஒர்க் ஷாப் நடத்தினேன். ஜாக்கிக்கு எண்ணெய் போட்டேன். ஸ்பேனருக்குக் கம்பளி சாக்ஸ் மாட்டினேன். கழற்றிய நட்டுகளை ஒவ்வொன்றாகத் துண்டு விரித்த கேக் தட்டில் வைத்தேன். ரப்பர் துணுக்குகளை நகத்தாலேயே சுரண்டினேன். ஒட்டிக்கொண்ட பேடைத் தட்டித்தான் எடுக்க வேண்டும், வேறு வழியில்லை. சர்ச் மணிக்காகக் காத்திருந்து, 'டாங்' என்று அடிக்கும்போதெல்லாம் நானும் ஒரு தட்டு தட்டினேன். இவ்வளவு பக்தியாக நான் மணியோசை கேட்டதே கிடையாது.

"என்னய்யா டெட்லெஃப், என்ன நடக்குது உள்ளே?" மேலேயிருந்து லூட்கர்.

"ஒண்ணும் இல்லீங்களே. சத்தம் கேக்குதா?"

"கேக்கல. அதான் கேக்கிறேன். நீர் இவ்வளவு அமைதியா இருந்தா ஏதோ தப்பு நடக்குதுன்னு அர்த்தம்."

"காரைத் துடைக்கிறேன்."

"மணி இன்னிக்கு ரெண்டு ரெண்டா அடிச்ச மாதிரி இருந்துதே?"

"எதிரொலிங்க. மலை இருக்குல்ல."

"அறுபத்தெட்டு வருஷமா இந்த மலையில இருக்கேன், ஓய். நேத்து வரைக்கும் எதிரொலி கிடையாது."

பேட் கழன்று வந்துவிட்டது. இனி பழைய பிரேக் ஆயிலை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றி, காற்றை வெளியேற்ற வேண்டும். புது ஆயில் பாட்டில் இரண்டை உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் முன்கூட்டியே ஒளித்து வைத்திருந்தேன். ஆனால் காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் ஸ்க்ரூவைத் திறந்து மூட, சீட்டில் ஒருவர் பெடலை மிதிக்க. விளக்குமாற்றுக் கட்டையை முட்டுக் கொடுத்துப் பார்த்தேன். அது நழுவி ஹாரனில் விழுந்தது.

"பாம்ம்ம்!"

"ஞாயித்துக்கிழமை!" என்று மேலேயிருந்து இடி முழங்கியது.

கொட்டகைக் கதவு திறந்தது. குட்ரூன். ஒரு கையில் காபி, ஒரு கையில் பிளம்ஸ் கேக்.

"கால் ஏதாவது வேணுமா?"

"கா... காலா?"

"விளக்குமாறை மிதிக்கச் சொல்றியே, பாவம். என்கிட்ட நல்லதா ரெண்டு இருக்கு."

வேறு வழி? உட்கார வைத்தேன். "வருஷா வருஷம் செய்யற சாதாரண வேலைதான். நான் 'அழுத்து'ன்னா அழுத்து. 'விடு'ன்னு சொல்ற வரைக்கும் காலை எடுக்காத. நடுவுல எடுத்தா காத்து உள்ளே போயிடும், மறுபடி முதல்லேருந்து."

"அப்படியா? நான் காலை எடுத்தா உனக்கு முதல்லேருந்தா?"

"ஆமா."

"புரிஞ்சுது" என்றாள். எனக்குத்தான் புரியவில்லை.

நான் பின் சக்கரத்தருகே படுத்துக்கொண்டேன். ஸ்க்ரூவில் குழாய், குழாய் முனையில் ஜாம் பாட்டில்.

"அழுத்து!"

"அழுத்திட்டேன். ஆமா, மோதிரம் எந்தக் கடையில பார்த்த?"

"அது... கோப்லென்ஸ்ல. பாலத்துக்குப் பக்கத்துல."

காலை எடுத்துவிட்டாள். குழாயில் களக் களக் என்று கொப்புளம்.

"ஏன் விட்ட?"

"கொசு கடிச்சுது."

"சரி, மறுபடி. அழுத்து!"

"அழுத்திட்டேன். கல் வச்சதா, வைக்காததா?"

"வச்சது."

களக் களக்.

"குட்ரூன்!"

"இந்தக் கொட்டகையில என்ன கொசு, டெட்லெஃப்! நீ வாயைத் திறந்தா போதும், வந்து கடிக்குது."

"அழுத்து!"

"அழுத்திட்டேன். கடையில கூட்டமா?"

"கூட்டம்தான். எல்லாரும் என்னைத் தாண்டித் தாண்டிப் போனாங்க."

காலை எடுக்கவில்லை! ஆயில் சுத்தமாக வந்தது. ஸ்க்ரூவை மூடினேன்.

"ரொம்ப வேகமா போனாங்களோ?"

"கொஞ்சம்."

"நீ?"

"நான் மெதுவாத்தான்..." என்று ஆரம்பித்தபடியே ஸ்க்ரூவைத் திறந்தேன்.

களக் களக்.

ஒரு பாட்டில் ஆயில் தீர்ந்துவிட்டது. கையில் இருப்பது இன்னும் ஒன்றே ஒன்று. கடையெல்லாம் அடைப்பு. காருக்கு அடியில் படுத்தபடி பார்த்தேன். திறந்த கதவு வழியே அவளுடைய இடது கால் மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நான் போன பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த செருப்பு. நாளைக்கு அந்தக் காலும் அந்தப் பெடலும் அந்த ஏழு வளைவும்.

"குட்ரூன். நாளைக்கு நீ இந்தக் கார்ல போகாத."

"ஏன்?"

"பிரேக் சரியில்ல."

"முந்தாநாள் வரைக்கும் சரியா இருந்துதே?"

"நேத்து ரிங்குக்குப் போனேன்ல..."

"அதான் சொன்னியே, ரிங் விஷயமான்னு."

"அந்த ரிங் இல்லம்மா. காட்டுக்குள்ள இருக்கே, அந்த ரிங். நாள் பூரா ஓட்டினேன். பிரேக்கைக் கொதிக்க வச்சுட்டேன். மோதிரமும் இல்ல, கடையும் இல்ல. காரை வித்துடு. நாளைக்கே வித்துடு. ஆனா இதுல மட்டும் ஏறாத. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"



"ஸ்க்ரூவைத் திற" என்றாள் குட்ரூன். "அழுத்தியே வச்சிருக்கேன்."

திறந்தேன். ஒரு கொப்புளம் இல்லை. நான்கு சக்கரமும் முடிகிற வரைக்கும் அவள் கால் அசையவே இல்லை. பெடல் கல் மாதிரி நின்றது.

அப்புறம் இறங்கி வந்து என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"இந்த ஊர்ல ரிங்னா எதுன்னு லூட்கரோட பூனையைக் கேட்டாக்கூட சொல்லும். எனக்குத் தெரியாதா? நேத்து பூரா போன் பக்கத்துலேயே உட்கார்ந்திருந்தேன். யாராவது கூப்பிட்டு 'உங்க புருஷன்'னு ஆரம்பிச்சுடுவாங்களோன்னு. போனதுல கூட கோபம் இல்லடா. சொல்லாம போனியே!"

"மன்னிச்சுக்கோ."

"என் கார் ஒர்க் ஷாப்ல இல்ல. லூட்கர் கொட்டகையில நிக்குது. சக்கரத்துல கரியைப் பார்த்ததுமே பிரேக் கெட்டிருக்கும்னு தெரிஞ்சுது. அந்தக் கார்ல நீ என்னை அனுப்பறியா, இல்ல வாயைத் திறக்கறியான்னு பார்த்தேன்."

"திறந்துட்டேன்ல!"

"லேட்டா திறந்த. ஆனா திறந்துட்ட. அதனால காரை விக்கப்போறதில்ல."

எனக்கு இறக்கை முளைத்தது. "நிஜமாவா? விக்கமாட்டியா?"

"சத்தியமா விக்கமாட்டேன். ஆனா ரிங் விஷயம் ரிங் விஷயம்தான். மெல்லிசா, கல் வச்சது. நீயேதான் சொன்ன, கல் வச்சதுன்னு."

அடுத்த மாதம் வெள்ளி விழா. பக்கத்து ஊர் வரைக்கும் கூப்பிட்டிருந்தோம். லூட்கர் தலையணை இல்லாமல் வந்திருந்தார். நான் கோப்லென்ஸில், பாலத்துக்குப் பக்கத்தில், நிஜமாகவே ஒரு கடையைத் தேடிக் கண்டுபிடித்து வாங்கிய மோதிரத்தை எல்லார் முன்னாலும் குட்ரூன் விரலில் போட்டேன். கைதட்டினார்கள். அவள் என் கையில் ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தாள். திறந்தேன். சாவி மாட்டுகிற ரிங். அசல் வெள்ளி. எங்கள் இரண்டு பேர் பெயரும் பொறித்து, நடுவில் குட்டியாக ஒரு கார். மனசு குளிர்ந்துவிட்டது. ஆசை ஆசையாகப் பெட்டியின் அடியில் துழாவினேன். மூடியைத் தட்டிப் பார்த்தேன். பஞ்சைக்கூடப் பிய்த்துப் பார்த்தேன்.

"குட்ரூன், இதுல சாவி எங்கே?"

புது மோதிரம் மின்னுகிற கையால் தன் கைப்பையைத் தட்டினாள். உள்ளே 'கிலுங்' என்றது.

"நீ ரிங்னுதானே சொன்ன, டெட்லெஃப்? சாவின்னு சொல்லவே இல்லியே!"