தர்ம ஆஸ்பத்திரிக்கு ஒரு ப்ராசஸர்

போன மாசம் ஒரு சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. டெல்லி நேரு பிளேஸ் போய் கம்ப்யூட்டருக்கு ஒரு ப்ராசஸர் வாங்கிட்டு வரணும்.

அவ்ளோதான். தக்காளி வாங்கிட்டு வர்ற மாதிரி.

எதுக்கு ப்ராசஸர்னு முதல்ல சொல்லிடறேன். எங்கேயோ விஞ்ஞானிங்க மருந்து கண்டுபிடிக்க மலை மலையா கணக்குப் போடணும். அவங்ககிட்ட இருக்கற கம்ப்யூட்டர் பத்தாது. அதனால அந்தக் கணக்கைப் பொடிப்பொடியா உடைச்சு, என்னை மாதிரி ஆளுங்களோட வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவாங்க. அது சும்மா இருக்கற நேரத்துல கணக்கைப் போட்டுத் திருப்பி அனுப்பும்.

காசு கிடையாது. பட்டியல்ல பேர் மட்டும் வரும். அதுலயும் எனக்குக் கடைசி பெஞ்சுதான்.

நான் குர்காவ்ல ஒரு ஆபீஸ்ல நாள் முழுக்க அடுத்தவங்க பில்லைச் சரிபார்க்கறவன். நானும் உலகத்துக்கு ஏதோ பண்றேன்னு எனக்குச் சந்தோஷம் குடுக்கறது இது ஒண்ணுதான். அதனால பழைய ப்ராசஸர் மண்டையைப் போட்டப்ப நிஜமாவே துக்கமா இருந்துச்சு.

விசாரிச்சதுல, என் கம்ப்யூட்டர் போர்டுல உட்காரக்கூடியது ரெண்டு கிடைச்சுது. ஒண்ணு செகண்ட் ஹேண்ட். விலை ரொம்பக் கம்மி, ஆனா கரண்ட்டை அண்டா அண்டாவா குடிக்கும். இன்னொண்ணு புதுசு. அதே கணக்கைப் பாதி கரண்ட்ல போடும். விலையைக் கேட்டா நமக்குத்தான் நெஞ்சு வலிக்கும்.

நாங்க இருக்கறது முனிர்கால, மூணாவது மாடியில ஒத்தை ரூம். இங்க வீட்டுக்காரர் தனி மீட்டர் வச்சு, அவர் இஷ்டத்துக்கு யூனிட் ரேட் போடுவார். டெல்லி வெயில்ல பழசை ஓட்டினா, அது கிளப்பற சூட்டைத் தணிக்க கூலர் வேற ஓடணும். சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்.

ஒரு வாரம் உட்கார்ந்து எக்ஸெல்ல கணக்குப் போட்டேன். ரெண்டு கோடை தாண்டினா புதுசுதான் லாபம்னு வந்துச்சு. கையில இருக்கற காசு பழசுக்குத்தான் பத்தும்னும் வந்துச்சு. அதுக்கு மேல எக்ஸெல்லுக்கும் ஒண்ணும் தோணலை.

என் மனைவி கவிதா டெல்லியிலேயே பொறந்து வளர்ந்தவ. அவ தமிழ்ல பாதி ஹிந்தி. நான் விருதுநகர். என் ஹிந்தில முக்கால்வாசி தமிழ். கிளம்பறப்பவே சொன்னா, "ஏங்க, கடையில ஹிந்தி ஜாஸ்தி பேசாதீங்க. அவங்க சொல்றது சமஜ் ஆகலைன்னா எனக்கு ஃபோன் போடுங்க, அச்சா?"

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. ஏன்னா ஹிந்திக்கு நான் ஒரு சூத்திரமே வச்சிருக்கேன். வார்த்தையோட கடைசியில இருக்கற 'ம்'-ஐ வெட்டிடணும். தானம்னா 'தான்'. ரோகம்னா 'ரோக்'. ஔஷதம்னா 'ஔஷத்'. பெரும்பாலும் வேலை செய்யும்.

எப்பவாவது காலை வாரும். இந்த வீடு பார்க்க வந்தப்ப, என்ன பண்றீங்கன்னு வீட்டுக்காரர் கேட்டார். குர்காவ்ல எனக்கு 'உத்யோக்' இருக்குன்னு கம்பீரமா சொன்னேன். ஹிந்தில உத்யோக்னா தொழிற்சாலையாம். ஃபேக்டரி முதலாளிகிட்ட என்ன அட்வான்ஸ் கேக்கணுமோ அதைக் கேட்டார்.

சரி, கடைக்கு வருவோம். கடைக்காரர் பேர் குப்தாஜி. அறுபது வயசு இருக்கும். நெத்தியில குங்குமம். பின்னாடி சுவத்துல மாலை போட்ட அவங்க அம்மா படம். கேமிங்குக்கா ஆபீஸுக்கான்னு கேட்டார்.

நான் தொண்டையைச் செருமிக்கிட்டு ஆரம்பிச்சேன். கம்ப்யூட்டர், 'தான்' கே லியே. ரோகி லோக். ஔஷத். மேரே கர் மே. தின் ராத். முஃப்த்.

அதாவது, நோயாளிங்களுக்கு மருந்து கண்டுபிடிக்க, ராத்திரி பகலா என் வீட்டுல கம்ப்யூட்டரைத் தானமா ஓட்டறேன், இலவசமா. ராத்திரி பகலாங்கறது கொஞ்சம் பில்டப்தான். ராத்திரி எட்டு மணி நேரம்தான் ஓட்டுவேன். மத்தபடி எவ்ளோ தெளிவா சொல்லியிருக்கேன் பாருங்க!

குப்தாஜி கையில இருந்த டீ கிளாஸைக் கீழே வச்சார். எழுந்து நின்னு கைகூப்பினார்.

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. இத்தனை வருஷத்துல நான் சொன்னதைக் கேட்டு, உனக்கு வேற வேலை இல்லையான்னு கேக்காத முதல் மனுஷன் அவர்தான்.

அப்புறம் வேகமா நிறைய பேசினார். எனக்குப் பிடிபட்டது 'மாதாஜி'யும் 'புண்ய'வும் மட்டும். பிடிபடாத இடத்துல எல்லாம் 'ஹாஞ்சி', அதாவது ஆமாங்க, போட்டேன். எத்தனை போட்டேன்னு எனக்கே தெரியாது. கடைசியில பழசோட விலைக்குப் புதுசை எடுத்து முன்னாடி வச்சார். வீட்டு விலாசமும் ஃபோன் நம்பரும் கேட்டார். வாரண்டிக்குன்னு நினைச்சுக் குடுத்தேன்.

மெட்ரோல வர்ற வழியெல்லாம் எனக்கு நானே சிரிச்சுக்கிட்டு வந்தேன். பேரம் பேசறதுல எங்க ஊர்க்காரனை அடிச்சுக்க ஆள் உண்டா?

வந்ததும் மாட்டி ஓட்டிப் பார்த்தேன். பிளக்ல ஒரு சின்ன மீட்டர் செருகி வச்சிருக்கேன், எவ்ளோ கரண்ட் போகுதுன்னு அது காட்டும். பழசுல பாதிகூட காட்டலை. கண்ணுல தண்ணி வராத குறைதான்.

கவிதா பில்லை எடுத்துப் பார்த்தா. அதுல கீழே கையால ரெண்டு வரி ஹிந்தில எழுதியிருந்துச்சு. எனக்குப் படிக்க வராது, ஏதோ கண்டிஷன்னு விட்டிருந்தேன். அவ ஒரு தடவை படிச்சா. மறுபடியும் படிச்சா.

"ஏங்க, நம்ம வீட்டுல தர்ம ஆஸ்பத்திரி நடக்குதா?"

"என்ன உளர்றே நீ?"ன்னு கேட்டேன். படிச்சு அர்த்தம் சொன்னா. 'ஏழை நோயாளிகளுக்கான இலவச மருத்துவமனைக்கு, என் தாயாரின் நினைவாக.'

அதே நேரம் பார்த்து என் ஃபோன்ல குப்தாஜியோட வாய்ஸ் மெசேஜ். கவிதாவே கேட்டுச் சொன்னா. நாளைக்குக் காலையில பதினோரு மணிக்குக் குடும்பத்தோட ஆஸ்பத்திரியைப் பார்க்க வர்றாராம். நான்தான் வரச் சொன்னேனாம்.

ஏதோ ஒரு ஹாஞ்சில சொல்லியிருக்கேன்.

கவிதா கட்டில்ல உட்கார்ந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, "செத்துப்போன அம்மா பேர்ல குடுத்திருக்கார். இதை நாம வச்சுக்கக்கூடாதுங்க. இப்பவே ஃபோன் பண்ணிச் சொல்லுங்க"ன்னா.

நியாயம்தான். உலகத்துக்கு நான் பண்ற தானம், கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்ச கதையாயிடுச்சு. மீதிக் காசைக் குடுக்கலாம்னா சம்பளம் வர்ற வரைக்கும் வழியில்ல. திருப்பித்தான் குடுக்கணும்.

ஆனா அந்த மீட்டரைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசே வரலை. நேர்ல சொல்றதுதான் மரியாதைன்னு பெரிய மனுஷன் மாதிரி ஒரு காரணம் சொல்லி ஃபோனைத் தள்ளி வச்சேன். உண்மை என்னன்னா, இன்னும் ஒரு நாள் ஓடட்டுமேன்னு ஆசை.

ஞாயித்துக்கிழமை சரியா பதினோரு மணிக்கு வந்துட்டாங்க. எங்க மாடிப்படியில ஒருத்தர் ஏறினா எதிர்ல இன்னொருத்தர் இறங்க முடியாது. முன்னாடி குப்தாஜி, கையில லட்டு டப்பா. பின்னாடி அவர் மனைவி. அவங்களுக்கும் பின்னாடி, மாடிக்கு மாடி நின்னு மூச்சு வாங்கிக்கிட்டு ஒரு வயசான அம்மா. குப்தாஜியோட அக்காவாம். முட்டிவலியாம். நம்ம ஆஸ்பத்திரியில காட்டலாம்னு கூட்டிட்டு வந்திருக்கார்.

முட்டிவலிக்காரங்களை மூணு மாடி ஏற வச்ச ஆஸ்பத்திரி டெல்லியிலேயே எங்களோடது ஒண்ணாத்தான் இருக்கும்.

அந்தம்மா ரூமைச் சுத்திப் பார்த்தாங்க. ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, கொடியில காயற என் லுங்கி. அப்புறம் என்னைப் பார்த்தாங்க. ப்ராசஸரைக் கழட்டித் தயாரா வைக்கலாம்னு அப்பத்தான் பனியனோட ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டு நின்னேன்.

"டாக்டர் சாப்?"னு சந்தேகமா கேட்டாங்க. கேட்டுட்டே, என் கையில இருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்து ஒரு அடி பின்னாடி போனாங்க.

கவிதா எல்லாரையும் உட்கார வச்சு, தண்ணி குடுத்து, முழுக்கதையையும் ஹிந்தில சொன்னா. 'ம்' வெட்டற சூத்திரத்தையும் விடலை. குப்தாஜி முகம் சின்னதாகிக்கிட்டே வந்துச்சு. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. நல்ல மனுஷன், பாவம். நேத்தே ஃபோன் பண்ணித் தொலைச்சிருக்கலாம்.

போய் கம்ப்யூட்டர் கேபினட்டைக் கழட்ட ஆரம்பிச்சேன். குப்தாஜி கையைப் பிடிச்சு நிறுத்தினார். ஸ்கிரீனைக் காட்டி, இது இப்ப என்ன பண்ணுதுன்னு கேட்டார். கவிதா எனக்கும் அவருக்கும் நடுவுல மாத்தி மாத்திச் சொன்னா.

மருந்துக்குக் கணக்குப் போடுது. அந்த மருந்து யாருக்குப் போகும்? தெரியாது. எப்பக் கிடைக்கும்? தெரியாது. கணக்குப் போட்டது நீங்கதான்னு சாப்பிடறவங்களுக்குத் தெரியுமா? தெரியாது.

மூணு தெரியாதுக்கு அப்புறம் மனுஷன் எழுந்து போயிடுவார்னு நினைச்சேன். அவர் ஸ்கிரீன்கிட்ட குனிஞ்சு பார்த்தார். அப்புறம் மெதுவா சொன்னார், "யே தோ குப்த் தான் ஹுவா."

"குப்த தானம்ங்கறார்"னா கவிதா. "யாருக்குப் போகுதுன்னு தெரியாம, குடுத்தது யாருன்னு காட்டிக்காம குடுக்கறது. தானத்துலேயே பெரிசு அதுதானாம். அவங்க அம்மாவும் அப்படித்தான் குடுப்பாங்களாம்."

மீதிக் காசை ஒண்ணாம் தேதி தந்துடறேன்னு சொன்னேன். அவர் காதுலயே போட்டுக்கலை. கேபினட்டுக்குக் குங்குமம் வச்சு, மேல ஒரு சிவப்புக் கயிறு கட்டினார். குங்குமம் ஃபேனுக்குள்ள போயிடக்கூடாதேன்னு நான் பக்கத்துலயே நின்னு ஊதிக்கிட்டு இருந்தேன். எல்லாரும் லட்டு சாப்பிட்டோம்.

கிளம்பறப்ப ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். அம்மா பேர்ல ஓடறது, அதனால அணைக்கக்கூடாது. ராத்திரி பகலா ஓட்டறதா நீங்களே சொன்னீங்களே.

ஹாஞ்சின்னேன். இந்தத் தடவை புரிஞ்சே சொன்னேன்.

பாதி கரண்ட் குடிக்கற ப்ராசஸர்தான், ஒத்துக்கறேன். ஆனா எட்டு மணி நேரம் இருபத்து நாலா ஆனதால, பாதியை இப்ப மூணால பெருக்கணும். போன வாரம் வீட்டுக்காரர் எங்க மீட்டரைப் பார்த்துட்டு, திரும்பிப் போய்க் கண்ணாடி மாட்டிக்கிட்டு வந்து மறுபடியும் பார்த்தார்.

நேத்து மத்தியானம் வெயில் தாங்கலை. அரை மணி நேரம்தானே, யாருக்குத் தெரியப்போகுதுன்னு மெதுவா ஸ்விட்சை அணைச்சேன்.

பத்து நிமிஷத்துல ஃபோன். குப்தாஜியோட அக்கா. கவிதாகிட்ட சௌக்கியமெல்லாம் விசாரிச்சிட்டு, இப்பக் கொஞ்ச நேரமா முட்டி ரொம்ப வலிக்குது, மெஷினை ஏதாவது அணைச்சு வச்சிருக்கீங்களான்னு கேட்டாங்க.

நான் ஓடிப்போய் ஸ்விட்சைப் போட்டுட்டு, கவிதாகிட்ட சைகை காட்டினேன்: "இப்ப எப்படி இருக்குன்னு கேளு."