பெண்ணுக்கு வாய் அகலம்

ஒரு தொழிலுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவனுக்கு, அந்தத் தொழிலின் பேச்சு வெளியார் காதில் எப்படி விழும் என்பது தெரியவே தெரியாது. எனக்குத் தெரியவந்தது யுத்தம் முடிந்த சமயத்தில், தியாகராய நகரில் ஒரு வீட்டுக் கொல்லையில்.

நாங்கள் சாக்கடைக் குழாய் செய்கிற குடும்பம். தாத்தா காலத்திலிருந்து இரும்புக் குழாய்தான்; யுத்தத்தில் இரும்பு கிடைக்காமல் போனதும் அப்பா ராயப்பேட்டையில் சூளை போட்டு மண் குழாய் சுட ஆரம்பித்தார். குழாயின் ஒரு முனை குறுகல். அதற்குப் பட்டறையில் பெயர் ஆண். மறுமுனை வாய் விரிந்திருக்கும், அது பெண். ஒன்றுக்குள் ஒன்றை இறக்கிச் சிமெண்ட் பூசிவிட்டால் கல்யாணம். (எங்கள் மேஸ்திரி முனுசாமி ஒரு நாளில் நடத்திவைத்த கல்யாணங்களை மாதா கோயில் பங்குச்சாமியார் ஒரு வருஷத்தில் நடத்தியிருக்க மாட்டார்.)

வீட்டில்தான் கல்யாணம் நடக்கவில்லை. அண்ணன் சவரிக்குப் பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம் "சாக்கடைக் குழாய் வீடா?" என்று முகத்தைச் சுளித்தார்கள், சிரித்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மட்டும் "வந்து பாருங்கள்" என்றார். அவர் வீட்டு மாடியிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் எங்களுடையது. அது ஒழுகியது.

"ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்கப் போறோம். ஒழுகுற குழாயை வெச்சுக்கிட்டு சம்பந்தம் பேச முடியாது. மேஸ்திரியோட போய்ச் சரி பண்ணிட்டு வா," என்றார் அப்பா. "அங்கேயும் கனவு கண்டுகிட்டு நிக்காதே."

நின்றேன். மழை விட்டிருந்தது. தூங்குமூஞ்சி மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. குழாயின் அடித்துண்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தோம். மேல்குழாய் என் காது உயரத்தில் திறந்து தொங்கியது. குழாயில் காது வைத்தால் சங்கில் கேட்பதுபோலக் கடல் கேட்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இந்தப் பைத்தியம் உண்டு. அன்று கடலோடு ஒரு பாட்டும் கேட்டது. தண்ணீருக்கு அடியில் யாரோ ஒருத்தி தலை துவட்டிக்கொண்டே பாடுவதுபோல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். குழாய்க்கு மாடியில் இன்னொரு முனை உண்டு என்பது இந்தக் குழாய்க்காரர் மகனுக்குத் தோன்றவில்லை.

வாசல் பக்கம் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்த முனுசாமி சத்தம் போட்டார்: "இன்னா தம்பி, பொண்ணு எப்படி கீது?"

சாய்த்து வைத்த துண்டை ஒரு பார்வை பார்த்து, இருந்த இடத்திலிருந்தே கத்தினேன். "வாய் ரொம்ப அகலம் மேஸ்திரி! நம்ம ஆணுக்குப் பொருந்தாது. கழுத்துல விரிசல் வேற. தட்டிப் பார்த்தேன், சத்தமே சரியில்ல. இதைத் திருப்பி அனுப்பிட்டு வேற பொண்ணு பார்க்கலாம்!"

பாட்டு நின்றது.

பிறகு என் காதுக்குள்ளேயே ஒரு குரல் இறங்கியது: "என்னை எப்போ தட்டிப் பார்த்தீங்க?"

ராயப்பேட்டை வரை ஓடினேன். வழியில் மவுண்ட் ரோடு இருந்ததா என்று நினைவில்லை.

அப்பா விஷயத்தைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இத்தனை நாளா அவங்க வேணாம்னாங்க. இப்போ நீயே போய்ப் பொண்ணை வேணாம்னுட்டியா?" உள்ளே அண்ணன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பார்க்கவே எனக்குத் தைரியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மன்னிப்புக் கேட்பதற்கென்றே போனோம். பெண் பிலோமினா காபித் தட்டோடு வந்தாள். அண்ணனைத் தாண்டி நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"வாய் அகலந்தான். கழுத்துல விரிசல் இல்ல. தட்டிப் பார்த்துக்கிறீங்களா?"

வாத்தியார் விழித்தார். அப்பா பதறி எழுந்து, தட்டிலிருந்த ஒரு காபி டம்ளருக்குள் இன்னொரு டம்ளரை இறக்கி, "இது ஆண், இது பெண்," என்று வியர்க்க விறுவிறுக்க விளக்கினார். முதலில் சிரித்தது அண்ணன். தெறித்த காபி அவர் கஞ்சிச் சட்டை முழுக்க. அதைப் பார்த்து அவள் சிரித்தாள். எங்கள் தொழிலைக் கேட்டுச் சிரித்த வீடுகள் பல. எங்களோடு சேர்ந்து சிரித்தது அந்த ஒரு வீடுதான்.

கல்யாணம் முடிந்த கையோடு அப்பா பட்டறையில் 'பெண்' என்ற சொல்லையே தடை செய்தார். ஆட்கள் அகல முனைக்கு 'அண்ணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றும் அதுதான் பெயர்.

மழை விட்ட சாயங்காலங்களில் நான் இன்னும் எங்கள் கொல்லைக் குழாயில் காது வைக்கிறேன். கடல் வருகிறது. கண்ணை மூடுகிறேன். கடலுக்கு நடுவிலிருந்து, மாடியில் துணி எடுக்கப் போன அண்ணியின் குரல் இறங்கி வருகிறது:

"தட்டிப் பாருங்க தம்பி, சத்தம் சரியா இருக்கா?"

தட்டுகிறேன்.