இனியவன் ஏன் தூங்குகிறான்?

குழந்தை தூங்கி வெகுநேரமாகியும் எழுந்திருக்கவில்லை. பூவரசனின் பிரச்சினை அதுதான்.

திண்டிவனத்தில் அந்தத் தெருவிலேயே வேறு எந்தத் தகப்பனும் இதை ஒரு பிரச்சினையாகச் சொல்லியிருக்க மாட்டான். ஆனால் ஒன்பது மாதக் குழந்தையான இனியவன் பிறந்ததிலிருந்து பகலில் ஒழுங்காகத் தூங்கியவன் அல்ல. எல்லாம் கோழித்தூக்கம்தான். கண் அசந்த கொஞ்ச நேரத்தில் வீறிட்டு எழுந்துவிடுவான். இத்தனைக்கும் பூவரசன் பக்கத்திலேயே உட்கார்ந்து, மூச்சு வருகிறதா, கொசு கடிக்கிறதா என்று கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வான்.

அப்படிப்பட்ட பிள்ளை, ஜெசிந்தா என்கிற அம்மாள் பார்த்துக்கொள்ள வந்த அடுத்த வாரத்திலிருந்து, காலையில் ஒரு தூக்கம், மத்தியானம் ஒரு தூக்கம் என்று பெரிய மனுஷனைப் போலத் தூங்க ஆரம்பித்துவிட்டது.

பூவரசன் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக வண்டி விபத்துகளை விசாரிக்கிறவன். லாரி புளியமரத்தில் மோதிவிட்டது என்று யாராவது எழுதிக்கொடுத்தால், மரத்தில் காயம் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வருவான். மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே போனில் வேலை. காரணமில்லாமல் எதுவும் நடக்காது என்பது தொழில் அவனுக்குக் கற்றுக்கொடுத்த பாடம்.

பிரசவ விடுப்பு முடிந்து விழுப்புரத்தில் ஆபீஸ் போய்வரும் மனைவி கலைப்பிரியாவுக்குப் போன் போட்டான்.

"இன்னும் எழுந்திருக்கல, கலை."

"நல்லதுதானே."

"இத்தனை மாசமா தூங்காதவன் இப்ப எப்படித் தூங்கறான்?"

"கண்ண மூடிக்கினு தூங்கறான். வேற எப்படித் தூங்குவாங்க?"

"அந்தம்மா எதனா குடுக்கறாங்களோன்னு..."



"பேஜாரு பண்ணாதீங்க. அவங்ககிட்ட நேரா எதுவும் கேட்டு வெக்காதீங்க. கோச்சுக்கினு போயிட்டாங்கன்னா நான் வேலைய வுட வேண்டியதுதான். எதிர்வூட்டு ஏட்டு மாமா இருக்காரில்ல, அவர்கிட்ட சொல்லுங்க. இந்த மாதிரி எவ்வளவோ பாத்தவரு."

எதிர்வீட்டு சவுரிராயன் ஓய்வுபெற்ற ஏட்டு. கடைசியாகக் கண்டாச்சிபுரம் ஸ்டேஷனில் இருந்தவர். பூவரசன் சொல்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ரூமுக்குள்ள போனதும் ஜன்னல் திரைய இழுத்து வுட்டுடறாங்க, ஏட்டய்யா. எதுக்கு இருட்டு?"

"ம்."

"தெனமும் அதே நேரத்துக்குத்தான் தூக்கிக்கினு போறாங்க. காலிங்பெல் ஒயரப் புடுங்கிட்டாங்க. என் போனக்கூட அமுத்தி வெக்கச் சொல்றாங்க."

"ம்."

"பையன் முழுசாத் தூங்கறதுக்கு முன்னாடியே படுக்க வெச்சிட்டு வந்துடறாங்க. அப்புறம் கதவச் சாத்திட்டு வாசப்படியிலயே உக்காந்துக்கறாங்க. யாரையும் உள்ள வுடறதில்ல."

"யாரையும்னா?"

"என்னை."

சவுரிராயன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"கேஸ் கொஞ்சம் பெருசாத்தான் தெரியுது, தம்பி. நாம சந்தேகப்படறோம்னு அந்தம்மாவுக்குத் தெரியக் கூடாது. அதனால கொழந்த தூங்கற நேரத்துல நீங்க வூட்ல இருக்காதீங்க. இங்க வந்துடுங்க."

"வூட்ல இல்லாம எப்படிக் கண்டுபுடிக்கறது?"

"வூட்ல இருந்து இதுவரைக்கும் இன்னா கண்டுபுடிச்சீங்க?"



மறுநாள் இனியவன் மிச்சம் வைத்த கேப்பைக் கஞ்சியை ஒரு டம்ளரில் ஊற்றி, சட்டைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போனான். சவுரிராயன் முகர்ந்து பார்த்தார்.

"வாசனையில தெரியாது. குடிச்சுப் பாக்கணும்."

"யாரு?"

"அப்பன் நீங்கதானே."

பூவரசன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். சவுரிராயன் அவனைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, மின்விசிறியைக் கூட்டிவிட்டு, பழைய சைக்கிள் திருட்டுக் கேஸ் ஒன்றை ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். பூட்டை உடைத்தார்களா, சாவி போட்டுத் திறந்தார்களா என்கிற இடம்வரை பூவரசனுக்கு நினைவிருந்தது. கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

"ஏட்டய்யா, நான் தூங்கிட்டேன்."

"தெரியும். கொறட்டை தெருவரைக்கும் கேட்டுது."

"அப்பக் கஞ்சியிலதான் இருக்குது."

குழந்தை பிறந்ததிலிருந்து தானும் சரியாகத் தூங்கவில்லை என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. உடனே வீட்டுக்குப் போய்க் கேட்டுவிடப் போவதாக எழுந்தான். சவுரிராயன் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"ஒரு ஆளு தூங்கினத வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. லேப்ல குடுத்துப் பாக்கணும். நாளைக்கு விழுப்புரம் போலாம். பஸ்லயே போலாம், அவசரம் இல்ல."

இந்த முறை பூவரசன் கஞ்சியைக் குழந்தையின் டப்பாவோடு எடுத்துக்கொண்டான். விக்கிரவாண்டி தாண்டும்போது டப்பா மூடி கழன்று, பக்கத்தில் இருந்த விவசாயியின் மல்லாட்டை மூட்டைமேல் கஞ்சி ஊற்றிவிட்டது. கடலையெல்லாம் வீணாகிவிட்டது என்று விழுப்புரம் போய்ச் சேரும்வரை அவர் திட்டிக்கொண்டே வந்தார். டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததைப் பூவரசன் லேப் கவுண்டரில் வைத்தான்.

"ரத்தமா, யூரினா?" என்றாள் அங்கிருந்த பெண், நிமிர்ந்து பார்க்காமல்.

"கேப்பைக் கஞ்சி."

"வெறும் வயித்துலயா, சாப்ட்டப்புறமா?"

"இல்லம்மா. கஞ்சியத்தான் டெஸ்ட் பண்ணணும். இதுல மயக்க மருந்து இருக்கும்னு சந்தேகம்."

அவள் இப்போது நிமிர்ந்து இருவரையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு ஆளைக் கூட்டிவந்தாள். அந்த ஆள் அவர்களை மரியாதையாகத்தான் வெளியே அனுப்பினார். சவுரிராயன் மட்டும் சளைக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், சாப்பிட்டுவிட்டே போகலாம் என்றார்.

வீடு திரும்பியபோது ஜெசிந்தா சமையலறை முழுவதையும் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தார்.

"பாப்பா டப்பாவக் காணோம் சார். நீங்க பாத்தீங்களா?"

"இல்லையே." டப்பா அவன் பைக்குள் இருந்தது.

"நேத்து ஒரு டம்ளர் காணாமப் போச்சு. வூட்டுக்கு யாரோ வந்து போறாங்க சார். நாளைக்கு என்னை ஒருத்தரும் சொல்லிடக் கூடாது பாருங்க."

அன்றிலிருந்து ஜெசிந்தா கைக்கெட்டும் தூரத்தில் ஒரு விறகுக்கட்டையை வைத்துக்கொண்டார். விறகு அடுப்பே இல்லாத வீட்டில் எதற்கு விறகுக்கட்டை என்று பூவரசன் அதையும் சந்தேகப்பட்டான்.

அடுத்த நாள் காலை, ஒலக்கூரில் விவரம் தெரிந்த ஒருவரைப் பார்க்கப் போகலாம் என்று சவுரிராயன் வரச்சொல்லியிருந்தார். பூவரசன் பைக்கை எடுத்துக்கொண்டு போய் அவர் வாசலில் நிறுத்தியபோதுதான் ஹெல்மெட் ஞாபகம் வந்தது. திரும்பி நடந்தான். கொல்லைப்பக்கம் ஜெசிந்தாவின் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"கெளம்பிட்டாரு. இனிமே மத்தியானம்தான் வருவாரு. அதுக்குள்ள நான் வேலைய முடிச்சுடறேன்."

இது கஞ்சியோடு போகிற விஷயம் இல்லை. வெளியில் ஆள் இருக்கிறது. இன்றைக்கு ஏதோ நடக்கப்போகிறது. சவுரிராயனிடம் சொன்னால், ஒலக்கூர் போய்விட்டு வந்து பார்க்கலாம் என்பார். அவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் படுக்கையறைக்குள் போய்ப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்துகொண்டான்.

ஜெசிந்தா குழந்தையோடு வந்தார். திரையை இழுத்துவிட்டார். தோளில் போட்டுக் கொஞ்ச நேரம் தட்டினார். கண் சொருகும்போதே தொட்டிலில் கிடத்திவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். மருந்து இல்லை, பாட்டில் இல்லை, ஒரு மந்திரம்கூட இல்லை.

இனியவன் தூங்கிவிட்டான். ரொம்பவும் தூங்கிவிட்டான். அசைவே இல்லை.

பூவரசனால் பொறுக்க முடியவில்லை. பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, இருட்டில் குனிந்து, குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்தான். இனியவன் கண்ணைத் திறந்தான். தலைக்கு மேல் ஒரு கறுத்த உருவத்தைப் பார்த்து, தெருவே கேட்கும்படி அலறினான்.

கதவு திறந்தது. ஜெசிந்தா ஒரு கையால் குழந்தையை வாரி எடுத்து, மறு கையால் விறகுக்கட்டையை வீசிவிட்டு, வெளியே ஓடித் தாழ்ப்பாள் போட்டார். கட்டை பூவரசனின் முழங்காலில் பட்டது.

"திருடன், திருடன். ஜல்தி வாங்க எல்லாரும்."

"ஜெசிந்தாக்கா, நான்தான்."

"நான்தான்னா யாருடா?"

"இந்த வூட்டுக்காரன்."

"வூட்டுக்காரரு ஒலக்கூர் போயிருக்காரு. பேரையும் சொல்லுவ, ஊரையும் சொல்லுவ. டப்பா திருட்டுப் பய."

தெரு கூடிவிட்டது. ஜன்னல் வழியாக யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். அவன் பேசப் பேச, திருடனுக்கு வீட்டு விவரமெல்லாம் தெரிந்திருக்கிறது என்று வெளியே சந்தேகம் வலுத்தது. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பைக் பக்கத்திலேயே காத்திருந்த சவுரிராயனை இழுத்துவந்தார்கள். உள்ளே இருந்து வந்த பூவரசனின் குரலைக் கேட்டதும் சவுரிராயன் தாழ்ப்பாளை நீக்கினார்.

நனைந்த சட்டையோடு, நொண்டிக்கொண்டு பூவரசன் வெளியே வந்தான்.

"கலை வரட்டும். எல்லாத்தையும் அவ முன்னாடியே கேக்கறேன்" என்றான் அவன்.

கலைப்பிரியா கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்து சேர்ந்தபோது, ஜெசிந்தா தன் பையை எடுத்துத் தயாராக வைத்திருந்தார்.

"எத்தினியோ கொழந்தைங்களப் பாத்துக்கினேன் மேடம். யாரும் என்னை இப்படிப் பீரோ பின்னால நின்னு பாத்ததில்ல." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நான் வர்றேன்."

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போங்க" என்றான் பூவரசன். "நான் கெளம்பிட்டேன்னு காலையில யாருக்குப் போன் பண்ணீங்க? அந்த ஆள் யாரு?"

ஜெசிந்தா கலைப்பிரியாவைப் பார்த்தார். கலைப்பிரியா சவுரிராயனைப் பார்த்தாள். சவுரிராயன் மின்விசிறியைப் பார்த்தார்.

"யாருமே பேச மாட்டீங்களா? நான் ஒருத்தன்தான் இங்க எதுவும் தெரியாம இருக்கேனா?"

சவுரிராயன் கையிலிருந்த ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, தளர்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கலை, கொழந்தயத் தூங்க வெக்க இந்தம்மா போதும்; அது தூங்கற நேரத்துல உன் வூட்டுக்காரர எங்கனா இட்டுக்கினு போய் வெச்சிருக்கச் சொன்னியே, அந்த வேலைக்கு மட்டும் வேற ஆளப் பாரும்மா."