சட்டத்துக்கு உட்பட்ட விறகு

மனிதனுக்கு முதன்முதலில் நெருப்பைக் கொடுத்த புண்ணியவான் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால், நெருப்பு எரியக் காற்றும் வேண்டுமே என்று கவலைப்பட்டு, விறகோடு காற்றையும் கலந்து ஒரே விலையில் வழங்கிய வள்ளல் யாரென்று ஊருக்கே தெரியும். விறகுக்கடை முதலாளிதான்.

அவர் கடையில் தராசு கிடையாது. எடை போட்டால் ஈர விறகின் தண்ணீருக்கும் சேர்த்து ஜனங்கள் பணம் கொடுக்க நேருமாம். அவர் மனசு கேட்காதாம். ஆகவே கன அளவுதான். அதற்கென்றே கனத்த உத்தரக் கட்டைகளால் இடுப்பு உயரத்துக்கு ஒரு சட்டம் செய்து, அளவை அலுவலகத்தின் முத்திரையும் குத்தி வாங்கியிருந்தார். அதில் விறகை அடுக்கி, வண்டியில் ஏற்றி, வாங்குகிறவர் வாசலில் சட்டத்தோடு இறக்குவார். விறகு நமக்கு, சட்டம் மறுநாள் அவருக்கே திரும்பிவிடும். "சட்டம் எப்பவும் நம்ம பக்கம்" என்று அவர் சொல்வதில் துளிகூடப் பொய்யில்லை.

அவர் அடுக்குகிற கலை இருக்கிறதே, அடடா! நேரான கட்டையைக் கண்டாலே அவருக்கு ஆகாது. கோணல், கவட்டை, வேர்முண்டு, இவைதான் அவருடைய செல்லப்பிள்ளைகள். மனஸ்தாபப்பட்ட சம்பந்திகளை உட்காரவைப்பதுபோல், ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பார்த்துப் பார்த்து அடுக்குவார்.

அன்று மத்தியானம் ரொட்டிக்கடை அக்கா வாசலில் அப்படியொரு 'முழுச் சட்டம்' வந்து இறங்கியது. சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு ரொட்டி போயாக வேண்டும். போன வாரம் விறகு பாதியில் தீர்ந்து ரொட்டி வேகாமல் போனதற்கே, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற கடையைப் பார்த்துக்கறோம்மா" என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த ஆர்டர் போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அக்கா குனிந்து பார்த்தாள். விறகின் இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்துத் தெரு தெரிந்தது. தபால்காரர் சைக்கிளில் போவதும் தெரிந்தது.

"அண்ணே, இது உங்களுக்கே அடுக்குமா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டே? அடுக்கித்தானே வெச்சிருக்கேன்!" என்றார் முதலாளி.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக அளவை அலுவலகத்துக்குப் போய் அதிகாரியைக் கையோடு கூட்டிவந்தாள். அவர் நீளம் அளந்தார், அகலம் அளந்தார். உயரம் அளக்க டேப்பை நீட்டியபோது, விறகுக்கு நடுவிலிருந்து ஒரு பூனை இரண்டு குட்டிகளோடு வெளியே வந்து, சோம்பல் முறித்துவிட்டுப் போனது.

"பார்த்தீங்களா சார்? உள்ளே குடித்தனமே நடந்திருக்கு!"

அதிகாரி யோசித்தார். "பூனையும் சட்டத்துக்கு உட்பட்டுத்தானே இருந்திருக்கு? அதுக்குத் தனியா விலை போட்டீங்களா?"

"சேச்சே, இலவசம் சார்" என்றார் முதலாளி, பெருந்தன்மையாக.

"சட்டத்துல இவ்வளவு ஓட்டை இருக்கே சார்! உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"அது ஓட்டை இல்லம்மா, காற்றோட்டம். சட்டம் சரியா இருக்கான்னு பார்க்கத்தான் நாங்க. சட்டத்துக்குள்ள என்ன இருக்குங்கறது எங்க இலாகா இல்லை."

இவ்வாறு நீதி வழங்கிவிட்டு, நேற்றுச் சுட்ட பன்னில் இரண்டை 'மாதிரிக்கு' எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார். முதலாளியும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

அடுப்பில் முதல் தட்டு சிவந்தது. இரண்டாவது தட்டு உள்ளே போனதும் தீ இறங்க ஆரம்பித்தது. அக்காவின் வீட்டுக்காரர் மாவுக் கையோடு கத்தினார்: "ரொட்டி வெளுத்துக் கிடக்கு, விறகு போடு!"

"அவ்வளவுதாங்க. மீதியெல்லாம் காத்து."

சொல்லும்போதே அக்காவுக்கு அழுகை முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். விறகு காலியான சட்டம் மட்டும் கம்பீரமாக நின்றது. கிட்டே போய்த் தட்டிப் பார்த்தாள். நன்றாகக் காய்ந்த கட்டை. நேரான கட்டை. நடுவில் காற்றே இல்லை.

"கோடாலியை எடுத்துட்டு வாங்க."

"ஐயையோ, அது சட்டம்!"

"தெரியும். கொண்டு வாங்க."

ரொட்டி பொன்னிறமாக, சொன்ன நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் சட்டத்தை எடுத்துப்போக வந்த முதலாளி, வாசலைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், பிறகு அலறிக்கொண்டு ஓடினார். அதிகாரியே மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வாழ்நாளில் அவர் அவ்வளவு வேகமாக எந்தப் புகாருக்கும் வந்ததில்லை.

"அரசாங்க முத்திரை குத்தின சட்டம்! சட்டத்தைக் கையில எடுக்க உங்களுக்கு யாரும்மா உரிமை கொடுத்தது?"

"கையில எங்க சார் வெச்சிருந்தேன்? உடனே அடுப்புல வெச்சுட்டேன்" என்றாள் அக்கா. "இத்தனை வருஷத்துல சட்டத்தால எனக்கு ஒரு பிரயோஜனம் நடந்ததுன்னா, அது நேத்து சாயங்காலம்தான்."