முதல் வெட்டு யாருடையது

ஆவணி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. குளித்து, நெற்றி நிறையத் திருநீறு இட்டு, இன்றைக்கு ஒரு பலகையையாவது அறுத்தே தீருவது என்ற முடிவோடு மாடி அறைக்குப் போனான் மணிகண்டராஜ். அவனுக்கு முன்னாலேயே யாரோ அறுத்திருந்தார்கள்.

அவனிடம் இருந்தது ட்ராக் சா. தண்டவாளத்தின் மேல் ஓடும் ரம்பம். பலகையின் மேல் நீளமான அலுமினியத் தண்டவாளத்தைப் படுக்க வைத்து, அதன்மேல் மெஷினைத் தள்ளினால் கோடு பிசகாமல் அறுத்துக்கொண்டு போகும். தண்டவாளத்தின் ஓரம் நெடுக ஒரு கறுப்பு ரப்பர் பட்டி ஒட்டியிருக்கும். அதைக் கொஞ்சம் அகலமாகவே விட்டு அனுப்புவார்கள். முதல்முறை ஓட்டும்போது பிளேடு அந்த மிச்சத்தை அரிந்துவிடும். அதற்குப் பிறகு ரப்பரின் விளிம்பு எதுவோ அதுதான் பிளேடு போகும் பாதை. ஒரு தண்டவாளத்துக்கு ஒரு முறைதான் இது நடக்கும். காது குத்துகிற மாதிரி.

அந்த ரப்பர் அரியப்பட்டிருந்தது. அதுவும் சுத்தமாக.

மெஷின் வந்து இறங்கியது தை மாதத்தில். தையில் நேரமில்லை. மாசியில் குலசாமி கும்பிடு. பங்குனியில் திருவிழா, சித்திரையில் இன்னொரு திருவிழா. வைகாசியில் வெயில், ஆனியில் காற்று. ஆடியில் யார் நல்ல காரியம் தொடங்குவார்கள். இடைப்பட்ட நாட்களில் அவன் பெட்டியைத் திறந்து மெஷினைத் துடைத்து மூடுவான். தண்டவாளத்தை அதன் துணி உறையிலிருந்து எடுத்ததே இல்லை. மீதி நேரமெல்லாம் மெஷினைப் பற்றிப் பேசினான். சிவகாசியில் அவன் டெஸ்பாட்ச் பார்க்கிற காலண்டர் பிரஸ்ஸில் அவனுக்கு ரம்பம் என்று பேர். மரத்தை அறுத்ததற்காக வைத்த பேர் அல்ல.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆனியில் விருதுநகரிலிருந்து வந்திருந்த அக்கா தங்கத்தாய், "முன்ன கேமரா வாங்குன. அப்புறம் மீன்தொட்டி. இப்ப ரம்பமா? எதையாச்சும் ஒண்ணைச் செஞ்சு முடிச்சிருக்கியாலே?" என்று கேட்டுவிட்டாள். சாப்பாட்டு இலைக்கு முன்னால், பெண்டாட்டியை வைத்துக்கொண்டு. மணிகண்டராஜ் சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னான். "உன் புது வீட்டுக்குப் பூஜை அலமாரி நான்தான் செய்றேன். எட்டுப் பலகை அறுத்தாச்சு. பிரஸ் குடோன்ல இருக்கு. இனி மாட்டுற வேலைதான்."

அக்காவின் பால்காய்ப்புக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அலமாரி போகவில்லையென்றால் அவன் சாகும்வரை அவள் இதைச் சொல்லிக்காட்டுவாள். அவன் செத்த பிறகும் சொல்வாள்.

ரப்பரைத் தடவிக்கொண்டே யோசித்தான். என் ட்ராக்கை அறுத்தது யார் என்று சத்தம் போட்டுக் கேட்க வாயைத் திறந்தவன், அப்படியே மூடிக்கொண்டான். எட்டுப் பலகை அறுத்தவனுடைய ரப்பர் ஆனியிலேயே அரிபட்டிருக்க வேண்டும். இன்றைக்குத்தான் அரிபட்டிருக்கிறது என்று சொன்னால், இதுவரை ஒரு பலகையும் அறுக்கவில்லை என்று சொன்னதாகிவிடும். அவன் வீட்டில் ஒரு களவு நடந்திருக்கிறது. புகார் கொடுத்தால் அவன்தான் மாட்டுவான்.

எனவே யாருக்கும் தெரியாமல் துப்புத் துலக்குவது என்று முடிவு செய்தான். பலகை அறுக்கிற முடிவு அத்தோடு கைவிடப்பட்டது.

மத்தியானம் சாப்பாட்டில் தொடங்கினான்.

"சுகிர்தா, மாடி ரூமுக்கு யாரும் வந்தாகளா?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா கேக்குறவுக சோத்தை இம்புட்டு நேரம் பிசைய மாட்டாக. என்னத்தைக் காணோம்?"

"காணோம்னு இல்ல."

"அப்ப கூடியிருக்கா?"

"கொஞ்சம் குறைஞ்சிருக்கு."

"எட்டுப் பலகை அறுத்திருக்கீக. தேயாதா பின்ன?"

அவள் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனாள். மணிகண்டராஜ் கையை இலையிலேயே வைத்திருந்தான். குறைந்திருப்பது எது என்று அவன் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. அவள் எதையும் கேட்காமல் விடுகிறவள் அல்ல.

பக்கத்து வீட்டுச் சங்கையா மேலும் ஒரு கண் இருந்தது. சங்கையா எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். ஏணி, ஸ்பேனர், சைக்கிள் பம்ப் என்று அவன் இரவல் வாங்காத சாமான் இல்லை. சாயங்காலம் காம்பவுண்டுச் சுவரோரம் அவனைப் பிடித்தான்.

"ஏலே சங்கையா, நம்ம மாடில ஏதும் சத்தம் கேட்டுச்சா?"

"கேக்கும் அண்ணாச்சி. மூணு மணி ஷிப்டு முடிஞ்சு வந்து படுத்தேன்னா, ஊய்ங்னு கேக்கும். மதினி மிக்சி போடுறாகன்னு நெனைச்சுக்கிடுவேன்."

"மாடிலயா மிக்சி?"

"அது உங்க குடும்ப விசயம். நான் எப்படிக் கேக்க?"

"நீ அந்த மெஷினைத் தொட்டியா? உண்மையைச் சொல்லு."

சங்கையா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான். "இது மருந்து அள்ளுற கை அண்ணாச்சி. பொறி வர்ற சாமான் பக்கம் போகுமா? உங்க வீட்டுப் படி ஏறும்போதே பையில தீப்பெட்டி இருக்கான்னு தடவிப் பாக்குறவன் நான்."

அது உண்மைதான். அவன் கோயிலில் சூடத்தைக்கூட எட்ட நின்றுதான் கும்பிடுவான்.

திங்கட்கிழமை காலை சுகிர்தா பின்வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தாள். மணிகண்டராஜ் சட்டைப் பொத்தானைப் போடுவதுபோல் கதவோரம் நின்றான். "கட்டிங் அநேகமா முடிஞ்சிருச்சு. இல்ல, அவுகளுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை அவுக முன்னாலயே பாத்துக்கிடலாம்" என்றாள்.

சிவகாசியில் கட்டிங் என்றால் மூன்று அர்த்தம். பிரஸ்ஸில் அது தாளைச் சீவுவது. சலூனில் முடி வெட்டுவது. மூன்றாவது மதுக்கடையில் இரண்டு பேர் சேர்ந்து வாங்குவது. பிரஸ் வேலையை அவள் கல்யாணத்தோடு விட்டாயிற்று. முடி இடுப்புக்குக் கீழே தொங்கியது. மூன்றாவதை நினைத்து அன்று முழுவதும் அவனுக்கு வேலை ஓடவில்லை. மத்தியானம் வந்து அவள் வாயை முகர்ந்து பார்த்தான். புதினாத் துவையல் வாசனைதான் வந்தது. "என்ன இது, பட்டப்பகல்ல" என்றாள் அவள்.

பொறி வைப்பதென்று தீர்மானித்தான். கலர் அச்சில் நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுகிறதா என்று பார்க்கத் தாளின் மூலையில் ஒரு சிலுவைக் குறி போடுவார்கள். ரிஜிஸ்டர் மார்க் என்று பேர். மெஷின் பெட்டியின் மூலையில் பாதிக் குறி, அது உட்கார்ந்திருக்கும் மேஜையில் மீதிப் பாதி என்று பென்சிலால் போட்டான். பெட்டியை நகர்த்தி வைத்தால் கோடு சேராது. அவசரத்தில் கோடு முதலிலேயே ஒரு முடி அளவு விலகி விழுந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டான். செவ்வாய்க்கிழமை பிரஸ்ஸுக்குக் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்தான். விலகியே இருந்தது.

சாயங்காலம் வந்து பார்த்தபோது கோடு கச்சிதமாகச் சேர்ந்திருந்தது.

யாரும் தொடவில்லை என்று நிம்மதியாகப் படி இறங்கினான். நாலாவது படியில் நின்றான்.

விலகியிருந்த கோடு தானாகச் சேருமா? களவாணிக்கு ரிஜிஸ்டர் மார்க் கண்ணில் படாது. பட்டாலும் அது என்னவென்று தெரியாது. ரிஜிஸ்டர் விலகி இருப்பதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் சரிசெய்து வைக்கிற ஆள் இந்தத் தெருவில் ஒருத்திதான். சுகிர்தாவின் அப்பா நாலு கலர் மெஷின் ஓட்டியவர். அவளும் கல்யாணம் வரைக்கும் புரூப் பார்த்தவள். பெண் பார்க்கப் போன அன்று அவன் கொண்டுபோன ஜவுளிக்கடைப் பையைத்தான் அவள் முதலில் பார்த்தாள். சிவப்பு தள்ளி விழுந்திருக்கிறது என்றாள். அப்புறம்தான் அவனைப் பார்த்தாள்.

புதன்கிழமை பல்வலி என்று சொல்லிவிட்டுப் பதினொன்றரை மணிக்கே கிளம்பினான். வண்டியைத் தெருமுனையில் நிறுத்தினான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி ஏறினான். ஊய்ங் என்ற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளினான்.

சுகிர்தா தலைமுடியைத் துண்டில் சுற்றியிருந்தாள். கண்ணில் கண்ணாடி. மெஷினின் பின்பக்கக் குழாயை வீட்டு வாக்குவம் கிளீனரில் செருகியிருந்தாள். அவள் திடுக்கிடவில்லை. வெட்டை முடித்து, சுவிட்சை விட்டாள். பிளேடு தானாக மேலே ஏறிக்கொண்டது.

"வாங்க. கதவைச் சாத்துங்க, தூசி வெளிய போகுது. செருப்பை ஏன் கையில வச்சிருக்கீக?"

அவன் செருப்பைக் கீழே போட்டான். "என் ரப்பரை அறுத்தது நீதானா?"

"நான்தான். வைகாசில."

"வைகாசியிலேயா?"

"முந்தின வாரமே சொல்லிட்டுத்தான் அறுத்தேன். நீங்க வீடியோ பாத்துக்கிட்டு ம் கொட்டுனீக."

"முதல் வெட்டு என்னோடதா இருக்கணும்னு நான் ஏழு மாசமா..."

"அதெப்படி? ஆனில எட்டுப் பலகை அறுத்தேன்னு மதினிகிட்டச் சொன்னீக. இப்ப முதல் வெட்டே வெட்டலன்னு சொல்றீக. ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க. எதைச் சொன்னாலும் நம்புறேன்."

அவன் பார்வையைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். அங்கே போர்வை மூடி எதுவோ நின்றது; பழைய சாமான் என்று அவன் இத்தனை நாளும் தாண்டிப்போனது. அவள் போர்வையை இழுத்தாள். பூஜை அலமாரி. இரண்டு கதவு, மூன்று தட்டு, கீழே விளக்கு வைக்க ஒரு இழுப்பறை. மணிகண்டராஜ் விளிம்பில் விரலை ஓட்டினான். ஒரு சிலாம்பு இல்லை. இழுப்பறையை இழுத்தான். கேட்டதைக் கொடுப்பதுபோல் வந்தது.

"எட்டுப் பலகைன்னு கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு. உங்க மானமும்தானே இதுல இருக்கு. நீங்க செஞ்சதாவே இருக்கட்டும்."

"உனக்கு?"

"எனக்கு என்ன? ஒண்ணும் வேண்டாம்."

கல்யாணமான பதினாறு வருஷத்தில் ஒன்றும் வேண்டாம் என்று அவள் சொல்லி அவன் கேட்டதில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. விருதுநகர் போகிற வரைக்கும் அந்த ஒன்றும் வேண்டாமுக்குள் என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டே வந்தான். வேனில் அலமாரியைக் கட்டியிருந்த கயிற்றைக்கூட இரண்டுமுறை சோதித்தான். அலமாரிக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடியிருந்ததைப் பாத்திரம் என்று நினைத்தான்.

பால் பொங்கியது. அக்கா அலமாரிக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். "நீயாலே செஞ்ச?" என்றாள். சுகிர்தா, "அவுகதான் மதினி" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் மணிகண்டராஜுக்குத் தான்தான் செய்தோம் என்று ஓரளவு நம்பிக்கை வந்துவிட்டது. பிளேடின் பல், மோட்டாரின் வேகம், பிசிறில்லாமல் அறுக்கிற சூட்சுமம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னான். மல்லாங்கிணற்றுச் சித்தப்பா கேசரியை வைத்துக்கொண்டு தூங்கிப்போனார்.

"அம்புட்டும் சரிலே" என்றாள் அக்கா. "அடுப்படிப் பரண் கதவு ஒரு நூல் தட்டுது. கழட்டி வச்சிருக்கு. அறுத்துக் குடு."

"அதுக்கென்ன, நாளைக்கு மெஷினைக் கொண்டாந்து..."

"நாளைக்கு எதுக்கு?" என்றாள் சுகிர்தா. "வேன்லதான் இருக்கு."

சாக்கு விலகியது. நடுக்கூடத்தில் இரண்டு ஸ்டூல் போட்டுப் பரண் கதவைப் படுக்க வைத்தார்கள். முப்பது பேர் வட்டமாக நின்றார்கள். அக்காவும் சுகிர்தாவும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்ற விதத்தில்தான், திங்கட்கிழமை போனில் அந்தப் பக்கம் இருந்தது யார் என்று அவனுக்குப் புரிந்தது. வெள்ளிக்கிழமை அவுக முன்னாலயே. கட்டிங்குக்கு அவனுக்குத் தெரியாத நாலாவது அர்த்தம் இருந்திருக்கிறது.

மெஷினைக் கையில் எடுத்தான். அது இவ்வளவு கனம் என்பது தெரியாது. சுவிட்சுக்கு மேலே ஒரு பூட்டு இருந்தது. அதை எந்தப் பக்கம் தள்ளுவது என்று எந்த வீடியோவில் பார்த்தோம் என்று யோசித்தான்.

"கை சுளுக்கியிருக்கு" என்றான்.

"எந்தக் கை?" என்றாள் அக்கா.

"ரெண்டும்."

"அதனாலென்ன" என்று சுகிர்தா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள். "நீங்க சொல்லச் சொல்ல நான் பிடிக்கேன்."

அவன் தொண்டையைச் சரிசெய்தான். "முதல்ல தண்டவாளத்தை..." என்றான். தண்டவாளம் கோட்டில் உட்கார்ந்திருந்தது. "ஆழத்தைப் பாத்து..." என்றான். திருகி வைத்தாகிவிட்டது. "மெதுவா" என்று அவன் சொல்லும்போது ஒரு நூல் அகலத் துண்டு தரையில் விழுந்து கிடந்தது. பரண் கதவைக் கொண்டுபோய் மாட்டினார்கள். சத்தமில்லாமல் மூடியது.

"ஏலே, நல்ல வாத்தியாருதான் நீ" என்றாள் அக்கா. "பாடம் முடிஞ்ச பெறவு புஸ்தகத்தை விரிக்கிற."

சித்தப்பா விழித்துக்கொண்டு, தனக்கொரு டிவி ஷோகேஸ் வேண்டும், யாரிடம் சொல்லுவது என்று கேட்டார். மணிகண்டராஜ் நிமிர்ந்து நின்றான். அவர் அவனைத் தாண்டிப் போய் சுகிர்தாவிடம் அளவு சொல்ல ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை பிரஸ்ஸில் அவன் மேஜைமேல் ஒரு விசிட்டிங் கார்டு புரூப் இருந்தது. அண்ணாச்சி வீட்டு ஆர்டர்தானே, பார்த்துக் கையெழுத்துப் போட்டால் ஓட்டிவிடலாம் என்று டிசைனர் துண்டுச்சீட்டு வைத்திருந்தான். சுகிர்தா வுட் ஒர்க்ஸ். அலமாரி, ஷோகேஸ், கதவு வேலைகள். பிசிறில்லாமல் செய்து தரப்படும். கீழே பொடி எழுத்தில், லோடு ஏற்றி இறக்க: மணிகண்டராஜ்.

மணிகண்டராஜ் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பிழையாவது கிடைக்காதா என்று தேடினான். நிறம் சரியாக விழுந்திருந்தது. கொம்பு, கால், புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கடைசியாகத் தன் பேருக்குப் பக்கத்திலிருந்த செல் நம்பரை ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தான்.

அதுவும் சரியாகத்தான் இருந்தது.