பொட்டு வைக்க இடமில்லாத படம்

ஒருவனுடைய ரசனை அவன் அலமாரிக்குள் இருக்கும்வரை யாருக்கும் கேடில்லை. அதற்குச் சட்டம் போட்டு, மாலை சூட்டி, பந்தலில் நிறுத்தினால்தான் கேடு. இதை நான் என் தந்தையின் கருமாதியன்று, உறவினர் அனைவரின் முன்னிலையில் கற்றுக்கொண்டேன்.

எனக்கு ஓர் ஓவியர் உண்டு. கனவில் மட்டுமே நடக்கக்கூடியவற்றைப் பட்டப்பகல் வெளிச்சத்தில் வரைந்த ஐரோப்பியர். (பெயரை இன்றுவரை சரியாக உச்சரிக்கத் தெரியாததால் எழுதாமல் விடுகிறேன்.) கல்லூரி நாளில் புதுச்சேரியின் பழைய புத்தகக் கடையொன்றில் அவருடைய ஓவியத் தொகுப்பை வாங்கினேன். கடலுக்குள் இறங்கிப்போகும் மரப்படிகளைப் பார்த்தால் நானும் ஒரு படி இறங்கிவிட்டதுபோல் இருக்கும். கதவே இல்லாத வீட்டுக்குள் விளக்கெரியும் படத்தைத் தனியாக இருக்கும்போது பார்க்கமாட்டேன். இவ்வளவும் உணர்கிறவன் சாதாரண மனிதனாக இருக்க முடியாது என்பது அந்நாளில் என் உறுதியான முடிவு.

என் தந்தை, எங்களுக்கு நைனா, இறந்தபோது இந்த அசாதாரண மனிதனுக்கு அழுகை வரவில்லை. சிங்கவரத்துக் கடலைக் கொல்லையைப் பார்க்கப் போனவர் வரப்பிலேயே சரிந்துவிட்டார். கொள்ளி வைத்தபோதும் என் கண்கள் வறண்டே இருந்தன. "படிச்சவன் இல்ல, அழுவானா?" என்றாள் பெரியம்மா, எனக்குக் கேட்கும்படியாகவே.

எட்டாம் நாள் அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். ஆளில்லாத மேற்சட்டை ஒன்று கடல்மேல் அந்தரத்தில் நிற்கும் படம் வந்தது. அதன் கைகள் யாரையோ கூப்பிடுவதுபோல் சற்றே உயர்ந்திருக்கும். தலை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வானம். நிமிர்ந்தேன். எதிர்ச்சுவர் ஆணியில் நைனாவின் வெள்ளைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பையில் வெற்றிலைக் கறை. அப்போதுதான் அழுதேன், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

பதினாறாம் நாள் படத்திறப்பு. பெரிய படம் செய்துவரும் பொறுப்பு என்னுடையது. நைனாவுக்குப் படமெடுத்துக்கொள்வது பிடிக்காது. வாக்காளர் அட்டையில் இருந்ததுதான் அவருடைய ஒரே முகம். அம்மா அந்த அட்டையை என் கையில் வைத்தாள்.

"எப்படியாவது பெருசாக்கிடுடா. தெனம் பாக்கணும் எனுக்கு. இப்பவே ஒருஒரு சமயம் மூஞ்சி நெனப்புக்கு வரமாட்டேங்குது."

இதைவிடத் தெளிவாக ஒருத்தி கேட்க முடியாது. நானோ, அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நைனாவின் வெள்ளைச் சட்டையோடு செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பிளக்ஸ் கடைக்குப் போனேன். பின்னணியில் ராஜகிரிக் கோட்டை, அந்தரத்தில் சட்டை, கழுத்துக்கு மேலே வானம். கணினித் திரையை நெடுநேரம் பார்த்த கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"சார், தல வெக்கலையே?"

"தேவையில்லை. இல்லாமையே இங்கு உருவம்." (ஆம், இப்படித்தான் பேசினேன். அவர் அடிக்காமல் விட்டது பெருந்தன்மை.)

"வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டீங்களா?"

"பார்த்தால் அவர்களுக்கே புரியும்."

"அப்ப கீழ எங்க கட பேரு போடல சார்."

படத்தைத் திறந்துவைக்க வந்தவர் நைனாவின் நண்பர், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். உருக்கமாகப் பேசினார். "எத்தினி கஷ்டம் வந்தாலும் அண்ணன் மூஞ்சில சிரிப்பு மாறாது. அந்த மூஞ்சிய மறக்க முடியுமா? இதோ, பாருங்க!" என்று துணியை இழுத்தார்.

அக்காவின் ஒப்பாரி பாதியில் நின்றது. பந்தல் முழுவதும் படத்திலிருந்த வானத்தைப் பார்த்தது. பின்வரிசையில் ஒருவர், "இன்னும் லோடு ஆவுது போல" என்றார்.

அம்மாவின் தம்பியான என் மாமா எழுந்தார். "இன்னா மாப்ள இது, துணிக்கட வெளம்பரமா? மச்சான் எங்கடா?"

"மாமா, இது ஒரு வெற்றிடத்தின்..."

"வெற்றிடம் உன் மண்டையில இருக்குது!"

இதற்கெல்லாம் விடை வைத்திருந்தேன். அதற்குள் அம்மா எழுந்து வந்தாள். விரலில் குழைத்த சந்தனத்தோடு படத்தின்முன் நின்றாள். விரல் சட்டைக் காலர்வரை போயிற்று. அங்கிருந்து வானத்தில் ஏறி, நெற்றியைத் தேடி, கிடைக்காமல் இறங்கிற்று.

"பொட்டு எங்கடா வெக்கிறது?" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

திருப்பிக் கொடுக்காமல் நான் சட்டைப்பையிலேயே வைத்திருந்த வாக்காளர் அட்டையை மாமா பிடுங்கி, சந்தனம் தடவிக் கழுத்துக்கு மேலே ஒட்டினார். அதிலிருந்த முகம் நகமளவு. அம்மா வைத்த பொட்டு அதைவிடப் பெரிது. சந்தனத்தின் கீழே நைனா முழுவதுமாக மறைந்துபோனார். என் ஓவியரே இதை வரைந்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது; தோன்றியதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

பிறகு அட்டையிலிருந்த படத்தைப் பெரிதாக்கினோம். முகம் புள்ளிபுள்ளியாகக் கலைந்திருந்தது. தள்ளி நின்றால் நைனா; கிட்டே போனால் யாருமில்லை. அம்மா வாசற்படியில் நின்றபடியே பார்த்துக்கொள்வாள்.

அதே மாதம் அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, அக்காவோடு ஸ்டுடியோவுக்குப் போய்த் தன்னைப் படமெடுத்து வந்தாள். மூன்று பிரதிகள். மூன்றையும் அக்காவிடம் கொடுத்து, "தம்பி கையில மட்டும் குடுத்துடாத" என்றாள். அதன்பின் எங்கள் குடும்பத்தில் யார் செல்பி எடுத்தாலும், "தல வந்துச்சா?" என்று ஒரு குரல் கேட்கும். பெரும்பாலும் அம்மாவின் குரல்.

சென்ற ஆண்டு அவளுக்கும் படத்திறப்பு வந்தது. துணியை விலக்குமுன் மாமா குனிந்து, அதன் ஓரத்தைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு கூட்டத்தை நோக்கி அறிவித்தார்.

"இருக்குது, இருக்குது. மூஞ்சி இருக்குது. தைரியமா தொறங்க."

அழுதுகொண்டிருந்த பந்தல் வெடித்துச் சிரித்தது. படத்தில் அம்மா கண்களை அகல விழித்து, இமைத்தால் காணாமற்போய்விடுவோம் என்பதுபோல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.

"நீ வெய்யிடா. இந்த வாட்டி நெத்தி இருக்குது."

வைத்தேன். மிகச் சிறிதாக வைத்தேன்.